கல்லுக்கு மாற்றுக் கல் இல்லை

தனுஷ்கோடித் தேவாலயத்தின் சுவரில் பெயர் பொறிக்கிறார்கள். சாவியால் பொறிக்கிறார்கள். நாணயத்தால் பொறிக்கிறார்கள். காற்றரித்த பவளக்கல் கீறினால் மாவாக உதிரும். உதிர்ந்த மாவை ஊதிவிட்டு, பெயருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். தடுப்பார் இல்லை.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயல் அந்த ஊரை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிய துறைமுகம் போனது. ரயில் நிலையம் இடிந்தது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அந்த அறிவிப்போடு கடமை முடிந்ததாக எண்ணிக்கொண்டது. கூரை இழந்த தேவாலயத்தின் சுவர்கள் நின்றன. புயலைத் தாங்கிய அந்தச் சுவர்களால் அதன் பிறகு வந்த நிர்வாகங்களைத் தாங்க முடியவில்லை.

அந்தச் சுவர் எதனால் ஆனது என்று பொறுப்பில் இருப்பவர்கள் யோசித்தார்களா? பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும். மன்னார் வளைகுடாவில் அந்தக் கல்லை இனி வெட்ட முடியாது. 2001இல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை. சரியான முடிவு. ஆனால் அதன் பொருள் என்ன? இந்தச் சுவரிலிருந்து விழும் ஒரு கல்லுக்கு மாற்றுக் கல் கிடையாது. செங்கல் கட்டடம் என்றால் சூளைக்குச் சொல்லி அனுப்பலாம். இதற்கு எங்கே சொல்லி அனுப்புவார்கள்?

கடலில் பவளத்தை உடைக்கும் மீனவர் மீது வழக்குப் பாயும். கரையில் பவளச் சுவரைப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொண்டு வேன் ஏறுகிறவரைக் கேட்க ஆளில்லை. ஒரே கல். இரண்டு நீதி.

2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தார்கள். அதுவரை மணலில் புதைந்து புதைந்து வேன் போன இடம் அது. இன்று காரும் பேருந்தும் வரிசைகட்டி நிற்கின்றன. சாலை போடத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சாலை வழியே கூட்டம் வரும் என்று தெரியாதா? சுவருக்கு முட்டுக் கொடுத்துவிட்டல்லவா சாலையைத் திறந்திருக்க வேண்டும்? ஏறாதீர் என்று பலகை நடுவது பாதுகாப்பு ஆகாது. விழுந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் அது.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாடு மரபுச்சின்னங்கள் ஆணையத்துக்கான சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வர 2024 ஆனது. பன்னிரண்டு ஆண்டுகள் அது கோப்பில் தூங்கியது. அந்தப் பன்னிரண்டு ஆண்டும் உப்புக்காற்று தூங்கவில்லை. 2025இல் இதே தனுஷ்கோடியில் பூநாரைகளுக்குச் சரணாலயம் அறிவித்தார்கள். வரவேற்கிறோம். வலசை வரும் பறவை கண்ணில் பட்டிருக்கிறது. அறுபது ஆண்டுகளாக அசையாமல் நிற்கும் சுவர் படவில்லை.

செய்ய ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. மரபுக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே சென்னை ஐஐடியில் தேசிய மையம் இயங்குகிறது. தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டையைக் கடலோரத்திலேயே சீரமைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் இப்போதே எச்சரிக்கிறோம். நிதி ஒதுக்கிய வேகத்தில் சிமென்ட் மூட்டையோடு ஒப்பந்ததாரரை அனுப்பிவிடாதீர்கள். பவளக்கல்லின் நுண்துளைகளில் ஏற்கெனவே உப்பு ஏறியிருக்கிறது. சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. உள்ளே உப்பு படிகமாகிக் கல்லைப் பிளக்கும். பூச்சு நிற்கும், சுவர் போய்விடும். சுண்ணாம்பில் கட்டியதைச் சுண்ணாம்பில்தான் காக்க வேண்டும். அதற்கு நல்ல கொத்தனார் வேண்டும், காலம் வேண்டும். இரண்டையும் கொடுங்கள்.

யாருக்காக? வாழத் தகுதியற்றது என்று அரசு சொன்ன மணலில் இன்றும் மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் வாழ்கின்றன. தேவாலயத்தின் நிழலில் சங்கும் சிப்பியும் விற்கிறார்கள், மீன் பொரித்துத் தருகிறார்கள். இடிபாட்டைப் பார்க்க வருகிறவருக்குச் சாலை உண்டு. இடிபாட்டோடு வாழ்கிறவருக்கு என்ன உண்டு? கச்சத்தீவில் இலங்கைக் கடற்படை கட்டிய புதிய அந்தோணியார் ஆலயம் 2016இல் திறக்கப்பட்டது. ஆள் குடியில்லாத தீவில், ஆண்டுக்கு ஒரு திருவிழாவுக்காக அது எழுந்தது. நம் கரையில், மக்கள் குடியிருக்கும் இடத்தில், இருக்கிற சுவரைக் கூடக் காக்கவில்லை.

புதுக் கூரை போட்டுப் பளபளப்பாக்கச் சொல்லவில்லை. நிற்கும் சுவருக்கு முட்டுக் கொடுங்கள். விழுந்த கற்களைப் பொறுக்கி, எண் இட்டு, ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள். காவலுக்கு அந்த மீனவக் குடும்பங்களிலிருந்தே ஆள் எடுத்துச் சம்பளம் கொடுங்கள். புயல் நாளில் செத்தவர்களுக்காக அவர்கள் உள்ளே நின்று மெழுகுவத்தி ஏற்ற வழி செய்யுங்கள்.

வருவாய்த் துறை வனத் துறையைக் காட்டும். வனத் துறை சுற்றுலாத் துறையைக் காட்டும். சுற்றுலாத் துறை தொல்லியல் துறையைக் காட்டும். திருச்சபையும் விலகி நிற்க முடியாது. நிலம் யாருடையது என்ற விசாரணையைப் பிறகு நடத்திக்கொள்ளலாம். மாவட்ட ஆட்சியர் இந்தத் துறைகளை ஒரே மேசைக்கு அழைக்க வேண்டும். பொறுப்பான அதிகாரி யார் என்று பெயர் சொல்லி அறிவிக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் முட்டு நின்றாக வேண்டும்.