கொட்டகையில் நிற்கும் இத்தாலியக்காரி

இங்கிலாந்தில் வசிக்கும் கல்லூரிக் காலத்து நண்பர் ஒருவரிடமிருந்து சென்ற மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீட்டுக்கடன் முடிந்துவிட்டது, இனி நெடுநாள் ஆசை ஒன்றைத் தீர்த்துக்கொள்ளப் போகிறாராம். கூரையைப் பின்னால் மடித்துவிட்டு இருவர் மட்டும் அமர்ந்து போகும் பழைய கார் ஒன்று வாங்க வேண்டும். ஆங்கிலேய எம்.ஜி.பி.யா, இத்தாலிய ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடரா என்பதில்தான் குழப்பம். தொல்காப்பியம் நடத்திப் பிழைப்பவனிடம் இதைக் கேட்பது சற்று விசித்திரம்தான். ஆனால் திருச்சுழியில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு பிரிமியர் பத்மினி நிற்பது அவருக்குத் தெரியும். அவருக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. அதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு கார்கள். எம்.ஜி.பி. 1962இலிருந்து 1980 வரை வந்தது. ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். வார்ப்பிரும்பு எஞ்சின், 1,798 சி.சி., பின்னால் மாட்டுவண்டி முறையிலான பட்டை வில். புதுமை என்று சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. ஆல்ஃபா ஸ்பைடர் 1966இல் வந்தது. உடலை வரைந்தது பினின்ஃபரினா. அலுமினிய எஞ்சின், தலைமேல் இரண்டு கேம்ஷாஃப்ட், ஐந்து கியர், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். தாளில் பார்த்தால் போட்டியே இல்லை. ஆனால் வால்வு இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்.ஜி.யில் ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்குரு டிரைவர், ஒரு ஃபீலர் கேஜ் போதும். அரை மணி நேரத்தில் வேலை முடியும். ஆல்ஃபாவில் கேம்ஷாஃப்டையே கழற்றி, அடியில் இருக்கும் சிறு தகட்டை எடுத்து, அளந்து, வேறு கனத்தில் ஒன்றை வைக்க வேண்டும். இரண்டு தேசங்களின் வேறுபாடும் எனக்கு அந்தத் தகட்டில்தான் இருக்கிறது.

நம் ஊருக்கு இந்தக் கூரையற்ற கார்கள் பொருந்தா. வெயிலுக்கு ஏங்குகிறவன் கண்டுபிடித்த வண்டி அது. சித்திரை மாத நடுப்பகலில் குண்டாற்றுப் பாலத்தின் மேல் கூரையை மடித்துவிட்டுப் போகிறவனை எங்கள் ஊரில் வைத்தியரிடம் அழைத்துப் போவார்கள். ஆனால் அதே இரண்டு தேசங்கள் கூரை போட்டுக்கொண்டு நம்மிடம் வந்தன. அரை நூற்றாண்டு நம்முடன் வாழ்ந்தன.

மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைதான் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசிடர் ஆயிற்று. 2014 மே மாதம் வரை அங்கே செய்தார்கள். நெடுங்காலம் அதில் இருந்த 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும், 1955இல் வந்த எம்.ஜி.ஏ. என்ற அழகிய திறந்த காரின் எஞ்சினும் ஒரே குடும்பம். கலெக்டர்களையும் கல்யாண மாப்பிள்ளைகளையும் சுமந்த அந்த வெள்ளைக் குண்டு வண்டிக்குள் ஒரு பந்தயக்காரனின் இதயம் இருந்தது என்று சொன்னால் எங்கள் மாமா நம்பியிருக்க மாட்டார். இத்தாலியின் பியட் 1100 பம்பாய் குர்லாவில் வால்சந்த் ஹிராசந்தின் தொழிற்சாலைக்கு வந்து, 1974இல் பிரிமியர் பத்மினி என்று பெயர் மாறியது. சித்தூர் ராணியின் பெயர் அது. எங்கள் ஊரில் எல்லோரும் நாட்டியப் பேரொளியின் பெயர் என்றே நினைத்திருந்தோம். அப்படி நினைத்ததில் பிழை ஒன்றுமில்லை என்றே இப்போதும் படுகிறது.

இடையில் ஒரு கலப்பு மணமும் நடந்தது. சென்னையை ஒட்டி வண்டலூர்ப் பக்கம் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஆங்கிலேய டிரையம்ஃபின் பிள்ளை. அதன் உருவத்தை வரைந்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அதே சட்டகத்தைக் குறுக்கி அதன்மேல் அவர் வரைந்ததுதான் 1962இல் வந்த ஸ்பிட்ஃபயர் என்னும் திறந்த கார். ஆங்கிலேய எலும்பு, இத்தாலியத் தோல். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

மாமாவிடம் அம்பாசிடர் இருந்தது. நரிக்குடிப் பக்கம் மிளகாய் வியாபாரம். டிக்கியில் வற்றல் மூட்டைகளும் உள்ளே ஒன்பது உருப்படிகளுமாக அது வரும். ஏறினால் தும்மல்தான். அப்பாவுக்கு அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம். 1984 மாடல் பத்மினி ஒன்றை 1991இல் இரண்டாம் கையாக வாங்கினார். பியட்டுக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. அப்பா அந்தக் காத்திருப்பை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஆட்டம் கண்ட பிறகு வாங்கினார். வீட்டு விசேஷங்களில் இரண்டும் வேப்பமரத்தடியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். மச்சானும் மைத்துனரும் கார்களை முன்வைத்து நடத்திய சண்டைகள் பட்டிமன்றத்துக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. “ஒங்க வண்டி சீமாட்டி மாப்ள, நம்ம ரோட்டுக்கு ஆகாது” என்பார் மாமா. “உங்களது காரா மச்சான், சக்கரம் வைத்த குலுக்கை” என்பார் அப்பா.

மாமாவின் பக்கம் நியாயம் இருந்தது. கரிசல் காட்டில் கமலை போய் ஆயில் எஞ்சின் வந்தபோது, கிணற்றடியில் உட்கார்ந்து அதன் ‘டுக் டுக்’ ஓசையைக் கேட்டே நோயறியும் ஒரு தலைமுறை உருவாகியிருந்தது. அந்த எஞ்சின்களில் பெரும்பாலானவை ஆங்கிலேய லிஸ்டரின் அச்சில் வார்த்தவை. மெதுவாக ஓடும், கனமாக இருக்கும், தவறு செய்தால் பொறுத்துக்கொள்ளும். அந்த அறிவோடு அம்பாசிடரின் மூடியைத் திறந்தவனுக்கு உள்ளே அந்நியமாக ஒன்றுமில்லை. மாட்டுவண்டி அச்சுக்கு மை போட்டவன் முன்சக்கரத்து நிப்பிளுக்குக் கிரீஸ் அடிக்கத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. அம்பாசிடர் இந்த மண்ணில் நிலைத்ததற்கு அதன் உறுதியைக் காரணமாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதன் குறைகள் நம் ஆட்களுக்கு முன்பே தெரிந்த குறைகளாக இருந்தன. அதுதான் காரணம்.

பத்மினியும் பெரிய புதிர் அல்ல. 1,089 சி.சி.; ஆல்ஃபாவைப்போல் இரட்டைக் கேம்ஷாஃப்ட் கிடையாது, அதிலும் புஷ் ராடுதான். ஆனால் எஞ்சின் தலை அலுமினியம். எடை அம்பாசிடரைவிடக் கால் டன்னுக்குக் கிட்டத்தட்டக் குறைவு. ஸ்டியரிங்கை இரண்டு விரலால் திருப்பலாம். கியர் தண்டு வெண்ணெயில் கத்தி போவதுபோல் போகும். ஓட்டுவதற்கு இதற்கும் அம்பாசிடருக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. அந்தச் சுகத்துக்கு அது ஒரு விலை கேட்கும். தினமும் கவனி என்பதே அந்த விலை.

நான் அதைக் கொடுக்கத் தவறிய ஒரு நாள் உண்டு. 2003 மே மாதம். மதுரையில் அப்பாவின் கண் சிகிச்சை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். புதிதாக வேலை கிடைத்த மிதப்பில் இருந்தேன். காலையில் ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கவில்லை. காரியாபட்டி தாண்டியதும் வெப்பமானியின் முள் ஏறியது. வீடு பக்கம்தானே என்று அழுத்தினேன். எஞ்சின் தலை வளைந்து, கேஸ்கட் போய், வெண்புகையோடு நின்றோம். வார்ப்பிரும்புத் தலையாக இருந்திருந்தால் ஒருவேளை மன்னித்திருக்கும். அலுமினியம் மன்னிக்காது. கண்ணில் கட்டோடு கருவேல நிழலில் உட்கார்ந்திருந்த அப்பா திட்டவில்லை. “அது சொல்லிக்கிட்டேதான்டா வந்துச்சு. நீதான் கேக்கல” என்றார். தலையை மதுரையில் ஒரு பட்டறையில் இழைத்து வாங்க எட்டு நாள் ஆயிற்று.

தமிழில் ‘சொந்தம்’ என்று ஒரு சொல் இருக்கிறது. வீடும் நிலமும் சொந்தம். அத்தையும் மாமனும் சொந்தம். உடைமைக்கும் உறவுக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். பழைய கார் விஷயத்தில் இரண்டு பொருளும் ஒன்றுதான். பத்திரத்தில் பெயர் இருந்தால் சொந்தமாகிவிடாது; கூட மனிதர்கள் வேண்டும். பழைய கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அழகையும் வேகத்தையும் ஒப்பிடுகிறார்கள். சொந்தமாக வைத்துக்கொள்ளும் கேள்வியில் அவை இரண்டும் பின்னால்தான் வரும். அந்தக் காரைச் சுற்றி எத்தனை கைகள் இருக்கின்றன, ஒரு பாகம் கேட்டால் எத்தனை நாளில் கிடைக்கும் என்பவைதான் முதல்.

எங்கள் வறண்ட பூமிக்கு ஒரு வசதி உண்டு. இங்கிலாந்தின் மழையும், பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் இரும்பைத் தின்றுவிடும். அங்கே இரு நாட்டுக் கார்களும் அப்படித்தான் சாகின்றன. எங்கள் பத்மினியின் தகரத்தில் 40 ஆண்டுக்குப் பிறகும் ஓட்டை இல்லை. ஆனால் துருவுக்குப் பதிலாக இங்கே வெயில் வேறொன்றைத் தின்கிறது. கதவோரத்து ரப்பர், குழாய்கள், பம்பின் தோல் என்று எல்லாம் கருவாடாகிவிடும். கோடையில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிட, பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிக்கொண்டு ஓட்டியதைப் பலர் அறிவார்கள். இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, வெயில் விட்டுவைத்த ரப்பரை அது அரிக்கிறது.

சட்டமும் தன் பங்குக்கு நெருக்குகிறது. 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டி என்று தனி எழுத்து கொடுத்துப் பதிவுசெய்ய 2021இல் விதி வந்தது. எங்களுடையதற்கு அந்த வயது வரவில்லை. அது வெறும் கிழடு. 20 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். சென்னையில் இருக்கும் தம்பி, “காயலான் கடையில் போட்டுவிடுங்கள் அண்ணே” என்கிறான். அவன் சொல்வதில் கணக்குப் பிழை இல்லை.

நண்பருக்கு நான் தயக்கமில்லாமல் எம்.ஜி.பி.யைச் சொன்னேன். அங்கே அதற்குப் பாகங்கள் மட்டுமல்ல, முழு உடற்கூடே 1988இலிருந்து புதிதாக அடித்துத் தருகிறார்கள். ஆங்கிலேயர்கள் செய்ததில் பெரிய காரியம் அந்தக் கார் அல்ல. அதை விடாமல் பிடித்துக்கொண்டதுதான். ஆல்ஃபாவை ஓட்டிப் பாருங்கள், ஒரு மாலை நேரம் போதும். அதன் தகட்டை மாற்றத் தெரிந்த ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தால் மட்டும் வாங்குங்கள் என்றேன். இங்கே ஒருவர் கேட்டிருந்தாலும் அம்பாசிடரைத்தான் சொல்லியிருப்பேன். பம்பாய் வீதிகளில் கடைசிப் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு ஓய்வுபெற்றன. பாகங்களின் சந்தையைத் தாங்கிக்கொண்டிருந்தவை அவைதான்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு நான் அந்த 10,000 ரூபாயைக் கட்டியிருக்கிறேன். யோசனை கேட்டவருக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு நான் வேறொன்றைச் செய்கிறேன் என்று நண்பர் கேலி செய்து பதில் போட்டிருக்கிறார். வைத்துக்கொண்டு போகட்டும். அப்பா போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அருப்புக்கோட்டையில் இந்த வண்டியின் மெக்கானிக்குக்கு எழுபது தாண்டிவிட்டது. பாயிண்ட் இடைவெளியை இன்னமும் கேஜ் இல்லாமல் தீப்பெட்டி அட்டையால் அளக்கிறார். கைதான் கொஞ்சம் நடுங்குகிறது. அவருடைய பேரன் புதிய கார்களுக்குக் கணினி மாட்டிப் பார்க்கும் இடத்தில் வேலை செய்கிறான். போன முறை அவனையும் கூட அழைத்து வரச் சொன்னேன். வந்து ஒரு ஓரமாக நின்று செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எஞ்சின் பிடித்ததும் மட்டும் நிமிர்ந்து பார்த்தான்.

பம்புக்கு டயாபிரம் மும்பையிலிருந்து கூரியரில் வர வேண்டும். பத்து நாளாயிற்று, வரவில்லை. வந்ததும் ஞாயிற்றுக்கிழமை மாட்டலாம் என்று சொல்லியிருக்கிறார் பெரியவர். பேரனுக்கும் அன்று விடுமுறைதானாம்.