வடலி போன முற்றம்

அண்மையில் எமது ஊரிற் புதிதாக எழுந்த மாளிகையொன்றின் குடிபூரலுக்குச் சென்றிருந்தோம். முற்றத்தில் நான்கு பெரிய அரசப்பனைகள் நின்றன. கரிபியக் கடற்புறத்திற் பிறந்த இனம். பாரந்தூக்கி கொண்டு ஒரே பகலில் நட்டவை என்று வீட்டுக்காரர் பெருமையோடு கூறினார். அவ்விடத்தில் முன்பு ஏழெட்டு வடலிகள் நின்றதை யாம் அறிவோம்.

அயல்நாட்டுப் பயிர் ஆகாது என்பது எம் கருத்தன்று. அவ்வாறு கொண்டால் மிளகாயையும் மரவள்ளியையும் கொய்யாவையும் பப்பாசியையும் வேலிக்கு வெளியே எறிதல் வேண்டும். அவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து எமக்கு உறவானவை. ஆனால், வந்தனவெல்லாம் உறவாவதில்லை. ஆற்றுவாழை எனப்படும் நீர்ச்செடி அதன் பூவழகுக்காக 1905 இல் இலங்கைக்குக் கொணரப்பட்டது. 1909 இல் அதனை ஒழிக்கச் சட்டம் இயற்ற நேர்ந்தது. அது இன்றும் குளங்களை மூடிக்கொண்டிருக்கின்றது.

பெரிய பனையினத்தைப் பெயர்த்து நடுதல் இயலாத காரியமுமன்று. புறத்தே வைரமுடையதைப் புல்லென்றும் அகத்தே வைரமுடையதை மரமென்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்தது. பனையும் தெங்கும் புல்லின்பாற்பட்டவை. மாவுக்குள்ளது போன்ற ஆணிவேர் அவற்றுக்கு நிலைப்பதில்லை. அடித்தண்டிலிருந்து வேர்கள் புதிது புதிதாகத் தோன்றும். ஆதலின் பல இனங்கள் பெயர்த்தாலும் பிழைக்கும். ஆயின், தண்டிற் பட்ட புண் என்றும் ஆறாது. உச்சிக் குருத்து ஒன்றே; அது கெட்டால் மரமே கெட்டது. முன்னிருந்ததினும் ஆழமாகப் புதைத்தால் அடி அழுகும். யாம் கண்ட நான்கில் இரண்டுக்கு முட்டுக்கட்டைகளைத் தண்டிலே ஆணியால் அறைந்திருந்தனர்.

பெயர்ந்து செல்லும் மரத்தோடு பிறவும் பெயர்ந்து செல்லும். தென்னையைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டு எமது பக்கத்து ஆசியாவிற் பிறந்தது. அழகுக்கென வேரோடு ஏற்றிச் செல்லப்பட்ட பேரீச்ச மரங்களில் ஒளிந்து 1990களில் அது ஸ்பெயினை அடைந்தது. பின்னர் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளிற் பனையினங்களை வீழ்த்தியது. தண்டினுள் இருக்கும் புழுவை வெளியே நின்று விலை பேசுவோர் காண்பது அரிது.

எமது பனையோ எளிதிற் பெயர்க்க இடங்கொடாதது. அதன் முளை மேலெழுமுன் மண்ணுள் ஆழ இறங்கும். அங்கே திரள்வதுதான் பனங்கிழங்கு. அதனைக் கிண்டினால் உணவாகும், மரமாகாது. பல ஆண்டு வடலியாய் நின்று, 12 முதல் 20 ஆண்டுகளிற் பயன் தரும். ஆகவே, வெட்டிய வடலியை எந்தப் பாரந்தூக்கியும் மீட்டுத் தராது. பணத்தாற் பெரிய மரத்தை வாங்கலாம். வடலி நின்ற ஆண்டுகளை வாங்க முடியாது.

இதனை வீட்டுக்காரரிடம் மெல்லச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, தம் பேரனுக்கு நல்ல நுங்கு எங்கே கிடைக்கும் என்று எம்மை வினவினார்.

வீடு கட்டுவோரை ஒன்று வேண்டுகின்றோம். வளவிலுள்ள வடலிகளை எண்ணிய பின்னர் வரைபடம் வரையுங்கள். அயற்செடி வேண்டுமாயின் எஞ்சிய இடத்தில் இளங்கன்றாக வைத்து வளருங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: மாரி தொடங்குமுன் ஒவ்வொரு மாணவனையும் ஒரு பனங்கொட்டையேனும் புதைக்கச் செய்யுங்கள். கிழங்குக்காகப் புதைப்பவற்றில் ஒன்றைக் கிண்டாது விட்டாலும் போதும்.