உத்தேசத்திற்கும் ஒரு கணக்குண்டு

எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856-ஆம் வருஷத்தில் இந்தியாவின் சர்வேயர் ஜெனரல் ஆண்ட்ரூ வாஹ் அறிவித்தார்; கணக்கு மெய்யாக வந்து நின்றது 29,000 என்னும் முழு எண்ணில்தான் என்றும், அதை அப்படியே வெளியிட்டால், வருஷக்கணக்கில் உழைத்துக் கண்ட அளவைக் குத்துமதிப்பென்று ஜனங்கள் எண்ணிவிடுவார்களே என்றஞ்சி இரண்டடியைக் கூட்டினார்கள் என்றும் ஒரு கதை நெடுநாளாக வழங்கி வருகிறது. கதை எவ்வாறாயினும், முழு எண்ணைக் கண்டதும் அதை உத்தேசமாகக் கொள்வது மனித சுபாவம் என்பதில் சந்தேகமில்லை. ஆகையால்தான் ஆங்கில உரைநடையில் 'அபவுட்', 'அப்ராக்ஸிமேட்லி' போன்ற சொற்கள் 500, 3,000 போன்ற எண்களுக்கு முன்னால் இயல்பாகப் பொருந்துகின்றன. 'அப்ராக்ஸிமேட்லி 487 பேர் வந்தனர்' என்று எழுதுகிறவரோ, தலைகளை எண்ணியதாகவும் எண்ணாததாகவும் ஒரே வாக்கியத்தில் சாட்சி சொல்லுகிறார்.

நம்மவர் ஆங்கிலத்தில் இதனினும் அதிகமாகக் காணப்படும் பிழை 'நியர்லி' என்ற சொல்லைப் பற்றியது. ஏறத்தாழ, ஏறக்குறைய என்னும் நம் சொற்கள், அளவு சற்று ஏறினாலும் இறங்கினாலும் இரண்டுக்கும் இடங்கொடுப்பவை என்பதைத் தங்கள் உருவத்திலேயே தாங்கி நிற்கின்றன. ஆங்கிலத்தில் 'அபவுட்', 'அரவுண்ட்', 'ரஃப்லி' ஆகியவை இந்த இனம். 'நியர்லி', 'ஆல்மோஸ்ட்' இரண்டுமோ எண்ணைத் தொடாமல் அதற்குக் கீழேயே நிற்பவை. அதே சிகரத்தின் உயரம் 8,848.86 மீட்டர் என்று 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தன. இதை 'நியர்லி 8,849' என்றால் சரி. 'நியர்லி 8,848' என்றால், எண் எவ்வளவு அருகில் இருந்தபோதிலும், அந்த வாக்கியம் பொய்யாகிவிடும்.

'அபவுட்' என்று தொடங்கி 'ஆர் ஸோ' என்று முடிப்பதும், '10 முதல் 15 வரை' என்று எல்லை வகுத்த பின்னும் 'அபவுட்' சேர்ப்பதும் வீண் சுமை. 'நெவர்', 'நோபடி' போன்ற இன்மைச் சொற்களுக்கு முன் 'ஆல்மோஸ்ட்' வரும். 'நியர்லி' அங்கே பொருந்தாது.

இவற்றையெல்லாம் இலக்கண நுட்பமென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மூன்று வருஷமும் மூன்று மாதமும் உழைத்த ஓர் இளைஞர், ஏறக்குறைய மூன்று வருஷம் என்று மனத்தில் தமிழில் நினைத்து, 'நியர்லி த்ரீ இயர்ஸ்' என்று விண்ணப்பத்தில் எழுதிவிடுகிறார். குறைந்தது மூன்று வருஷ அனுபவம் வேண்டுமென்று விளம்பரம் செய்திருக்கும் அதிகாரி, இவருக்கு இன்னும் மூன்று வருஷம் நிறையவில்லை என்று நியாயமாகவே முடிவுசெய்து, அந்தக் காகிதத்தை ஒதுக்கி வைக்கிறார்.