வாசலில் உட்கார்ந்திருக்கும் மின்பணியாளர்

முன்னாள் படைவீரர் என்றதும் நம் வணிகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கேண்டீன். சோப்பும் எண்ணெயும் அங்கே மலிவாகக் கிடைக்கும்போது அவர் நம் கடைப்படி ஏறுவது புளிக்கும் பருப்புக்கும்தான் என்று சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பகுதி மளிகைக்காரர்கள் குறைப்பட்டுக் கொள்வது வழக்கம். இரண்டாவதாக நினைவுக்கு வருவது காவல் வேலை. கிடங்குக்கு நம்பிக்கையான ஆள் வேண்டுமென்றால், "ஒரு எக்ஸ் சர்வீஸ்மேன் கிடைப்பாரா?" என்றுதான் கேட்கிறோம். படையில் அவர் என்ன தொழில் பார்த்தார் என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

நானும் கேட்டவனில்லை. ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் என் கடையின் டீப் ஃப்ரீசர் எரிந்து போனது. ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்தேன். மூன்றாம் நாள் ஸ்டெபிலைசரும் இரண்டு விளக்குகளும் போயின. பக்கத்துக் கிடங்கின் காவல்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, இது ஃப்ரீசர் கோளாறு இல்லை. மெயினை அணைத்துவிட்டு நியூட்ரல் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார். பார்த்தபோது அந்த இணைப்பு கருகிக் கிடந்தது. மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 300-க்கு மேலும் ஏறும் என்பதை அன்றுதான் தெரிந்து கொண்டேன். அவர் விமானப்படையில் இருபது ஆண்டுகள் விமானங்களின் மின்பகுதியைப் பராமரித்தவர் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அதுவரை அவரிடம் நான் பேசியதெல்லாம் லாரி வந்ததா என்பது மட்டுமே.

நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் முப்படைகளிலிருந்து ஓய்வு பெறுகிறார்கள். அவர்களில் பலருக்கு வயது நாற்பதுகூட ஆகியிருக்காது. பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் பருவம். கடற்படையில் மின்தொழில் கற்றவர்கள் 1942-ல் தொடங்கிய ஜாம்நகர் வல்சுரா பயிற்சி நிலையத்தில் பயின்றவர்கள். தரைப்படைக்குச் செகந்திராபாத்தில் பயிற்சி நிலையம் உண்டு. அரசு செலவில் கற்ற தொழில் இது. அதை நாம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுகிறோம்.

குறை நம்மிடம் மட்டும் இல்லை. படையில் பெற்ற சான்று தானாகவே ஊரில் ஒயரிங் செய்யும் உரிமமாகி விடாது. மின்பணிகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரும் தகுதிச் சான்று பெற்ற கம்பியாளருமே செய்ய வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலிருந்தே உள்ள நிபந்தனை. இதற்கான மின் உரிமம் வழங்கும் வாரியம் இங்கே கிண்டி தொழிற்பேட்டையில்தான் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம். ஆயினும் இருபது ஆண்டுகளாகக் கருவியும் உடையும் கிடங்கில் கையெழுத்திட்டு வாங்கிப் பழகியவருக்கு விண்ணப்பம், எஸ்டிமேட், பேரம் எல்லாமே புதிது. "எவ்வளவு கேட்பது என்று தெரியவில்லை, அதனால் காவலுக்கு வந்துவிட்டேன்" என்றார் நம் நண்பர்.

தொழிலிலும் வேறுபாடு உண்டு. விமானத்தில் ஓடுவது 28 வோல்ட் நேர்மின்சாரமும் 115 வோல்ட், 400 சைக்கிள் மாறுமின்சாரமும். நம் கடையில் 230 வோல்ட், 50 சைக்கிள். சுவரைக் குடைந்து பைப் போடுவதும், எர்த் குழி தோண்டுவதும் அவர் புதிதாகக் கற்க வேண்டியவை. படைவீரர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு மெயின் போர்டை ஒப்படைத்துவிடச் சொல்லவில்லை. ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் ஊறியிருக்கிறது. அங்கே வேலையைச் செய்பவர் ஒருவர், சரிபார்த்துக் கையெழுத்திடுபவர் வேறொருவர். எதைக் கழற்றினாலும் பதிவேட்டில் ஏற வேண்டும். ஃப்யூஸ் போனால் தடித்த கம்பியைச் சுற்றிவிட்டு "இனிமேல் போகாது" என்று சொல்லும் வேலைக்குப் பழகிப்போன நமக்கு இந்தப் பழக்கம்தான் தேவை. எண்ணெய் டின்னும் அட்டைப்பெட்டியும் அடுக்கிய கடையில் ஒரு தீப்பொறி விழுந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே நம் சங்கத்துக்கு மூன்று யோசனைகள்.

ஒன்று: முன்னாள் படைவீரரைக் காவலுக்கு அமர்த்துமுன் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். அவர் பார்த்த தொழில் அதில் இருக்கும். மின்தொழில் என்றிருந்தால் சங்கத்துக்குத் தெரிவியுங்கள்.

இரண்டு: ஒரு தெருவிலுள்ள கடைகள் சேர்ந்து உரிமம் உள்ள ஒப்பந்ததாரர் ஒருவரிடம் ஆண்டுப் பராமரிப்பை ஒப்படைக்கட்டும். கோடைக்கு முன் ஒருமுறை, தீபாவளிக்கு முன் ஒருமுறை சோதனை. அவரிடம் இத்தகைய ஒருவரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வோம். கடைக்குப் பாதுகாப்பு, அவருக்கு உரிமத்துக்குத் தேவையான உள்ளூர் அனுபவம்.

மூன்று: வேலை முடிந்த அன்றே பணம் கொடுத்துவிட வேண்டும். "நாளைக்கு வாங்க" என்று மூன்று முறை நம்மிடம் கேட்டவர் நான்காம் முறை காவல் வேலைக்கே திரும்பிவிடுவார்.

"அவருக்குத்தான் பென்ஷன் வருகிறதே, ஊர் எலெக்ட்ரீஷியன் பிழைப்பில் ஏன் மண்ணைப் போட வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் பென்ஷனைக் காட்டிக் கூலியைக் குறைக்கக் கூடாது என்கிறேன். குறைத்தால் இருவருக்குமே கெடுதல். கூலி ஒன்றாக இருந்தால் போட்டி வேலையின் தரத்தில் மட்டுமே இருக்கும்.

மேலும், எல்லோருக்கும் பென்ஷன் என்ற காலமும் மாறிவிட்டது. 2022-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கினரே நிலைத்த பணிக்குப் போவார்கள். மற்றவர்கள் நான்காண்டு முடித்து ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயுடன், பென்ஷன் இல்லாமல், இளம் வயதிலேயே ஊர் திரும்புவார்கள். முதல் அணியினர் நான்காண்டை முடிக்கும் காலம் 2026-27. அவர்களில் மின்தொழில் கற்ற பிள்ளைகளும் இருப்பார்கள். நம் தெருவுக்கும் வருவார்கள்.

அவர்களுக்கும் நாற்காலியைத்தான் காட்டப் போகிறோமா? அடுத்த செயற்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.