வாட்டுக்குள் போன்



போன மாதம் எங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. வைத்தியசாலைக் கட்டிலில் ஒரு இளம் பெண், கையில் சேலைன், தலைமாட்டில் சீட்டு. சீட்டில் இருந்த பெயர், வயது, நோய் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. படத்தைப் போட்டவன் என்னிடம் படித்த பையன். கெட்ட எண்ணத்தில் போடவில்லை. "ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள், பாருங்கள்" என்றுதான் எழுதியிருந்தான். கட்டிலை யாரும் பார்க்கவில்லை. சீட்டைத்தான் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பொழுது சாயுமுன் தேங்காய் உரிக்கும் இடத்திலும் பைப்படியிலும் அந்தப் பிள்ளையின் நோய்தான் பேச்சு. அவளுடைய தாய் இப்போது விடியுமுன்னே, ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் தண்ணீருக்குப் போகிறார்.

கிளைக் கூட்டத்தில் இதைப் பேசினோம். வாட்டுக்குள் போன் கொண்டுபோவதைத் தடுக்கும்படி சங்கமே கேட்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த யோசனைக்கு நான் கை தூக்கவில்லை. அதன் காரணத்தை எழுதவே இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினேன்.

எங்கள் தாய்மாரில் பலருக்குச் சிங்களம் பேச்சளவில்தான். கடைக்குப் போதும், சத்திரசிகிச்சைக்குப் போதாது. ஒருநாள் பாடம் நடக்கும்போது போன் அடித்தது. பிரசவ வாட்டில் இருந்த எங்கள் தோட்டத்துப் பெண். "டீச்சர், என்னமோ கையெழுத்துப் போடச் சொல்றாங்க, பயமா இருக்கு" என்று அழுதாள். போனைத் தாதியிடம் கொடுக்கச் சொன்னேன். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வயிற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டும், அதற்கான சம்மதக் கடிதம் அது. பள்ளிக்கூட வராந்தாவில் நின்று தமிழில் விளங்கப்படுத்தினேன். போட்டாள். தாயும் பிள்ளையும் நலம். அந்தப் போன் வெளியே காவற்காரரிடம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அரசியலமைப்பில் தமிழும் அரச கரும மொழிதான். வாட்டில் இன்னும் அப்படி இல்லை. அதுவரை போன்தான் எங்கள் மொழிபெயர்ப்பாளர்.

ஆனால் அதே போன் 2019இல் இந்தக் கரையில் என்ன செய்தது என்பதையும் நாம் மறக்கக்கூடாது. அந்த மே மாதம் 12ஆம் திகதி சிலாபத்தில் முகநூலில் ஒருவர் எழுதிய ஒரு வரி ஆங்கிலக் கருத்து. ரொம்பச் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்ற மாதிரி. மிரட்டல் என்று எடுத்துக்கொண்டு கூட்டம் சேர்ந்தது. மறுநாள் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொடை என்று பரவியது. நம் மாவட்டத்துக் கொட்டராமுல்லையில் ஒரு முஸ்லிம் தொழிலாளி வெட்டிக் கொல்லப்பட்டார்.

அந்தச் சூடு ஆறுமுன் வைத்தியசாலைக்கு வந்தது நெருப்பு. மே 23ஆம் திகதி ஒரு சிங்கள நாளிதழ் முன்பக்கத்தில், ஒரு முஸ்லிம் வைத்தியர் 4,000 சிங்களத் தாய்மாருக்குத் தெரியாமல் கருத்தடை செய்துவிட்டார் என்று போட்டது. பெயர் போடவில்லை. பெயரை முகநூல் போட்டது. குருநாகல் போதனா வைத்தியசாலை வைத்தியர் ஷாபி ஷிஹாப்தீன். மறுநாள் கைது. நூற்றுக்கணக்கான தாய்மார் முறைப்பாடு செய்ய வரிசையில் நின்றார்கள். ஜூன் மாதமே குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் ஆதாரம் இல்லை என்று சொன்னது. ஆனாலும் ஜூலை 25ஆம் திகதிதான் அவருக்குப் பிணை கிடைத்தது. கட்டாய விடுமுறைக் காலத்துக்கான சம்பள நிலுவை 2022இல் கிடைத்தபோது, மருந்துத் தட்டுப்பாட்டுக் காலமென்று அந்த 26 இலட்சத்துக்கு மேற்பட்ட ரூபாவையும் மருந்து வாங்கவே கொடுத்துவிட்டார்.

சிசேரியன் அறையில் வைத்தியர் தனியே நிற்பதில்லை. மயக்க மருந்து கொடுப்பவர், தாதியர், உதவியாளர் என்று ஒரு கூட்டமே நிற்கும். அத்தனை கண்ணுக்கு முன்னால் ஆயிரக்கணக்கான முறை களவாகச் செய்ய முடியுமா என்று யாராவது ஒரு நிமிடம் கேட்டிருந்தால் போதும். நானும் கேட்கவில்லை. "இது உண்மையா?" என்று மேலே எழுதி அந்தச் செய்தியை மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். கேள்வி கேட்டதாக நினைத்தேன். உண்மையில் பரப்பினேன். வதந்தி சிங்களத் தாய்மாரைப் பற்றியது என்றாலும் எங்கள் லயத்தில் இரண்டு கர்ப்பிணிகள் அந்த மாதம் கிளினிக்குக்குப் போகவில்லை. அவர்களில் ஒருத்திக்குப் பிரஷர் இருந்தது.

அவர்களை அறியாமை என்று சொல்லி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அரசு பணம் கொடுத்தது. சம்பளம் பத்தாத வீட்டில் அந்தப் பணத்துக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். என்ன செய்கிறார்கள் என்று சரியாக விளங்காமல் படுத்து எழும்பிய பாட்டிமார் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். அந்தப் பயம் போனில் பிறந்ததல்ல. தமிழில் யாரும் உட்கார்ந்து சொல்லாத இடத்தில் அது கிடந்தது. போன் அதை ஊதிவிட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2024இல் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையில் பதில் பொறுப்பில் இருந்த வைத்தியர் அர்ச்சுனா, அங்குள்ள குறைகளை முகநூல் நேரலையில் சொன்னார். சனம் தெருவுக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் அவர் பாராளுமன்றத்துக்கே போனார். அவர் பேசும் விதம் எனக்குப் பிடிக்காது, அது வேறு கதை. ஆனால் பல வருடம் மனுக் கொடுத்தும் அசையாதது ஒரு நேரலையில் அசைகிறது என்று சனம் நம்பியதே, அதை யாரும் சும்மா தள்ள முடியாது. என்னிடம் படித்த பையனும் அதைப் பார்த்துத்தான் படம் எடுத்தான்.

தாதிக்குக் குறை தெரியும், சொல்ல முடியாது. எனக்கும் அப்படித்தான். 2022 செப்டெம்பரில், பிள்ளைகள் பசியில் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுகிறார்கள் என்ற செய்தி வெளியே வந்த பிறகு, அரச ஊழியர் சமூக ஊடகத்தில் கருத்துச் சொன்னால் ஒழுக்காற்று நடவடிக்கை என்று சுற்றறிக்கை வந்தது. மயங்கிய பிள்ளைக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்த கையால் அதையும் வாசித்தேன்.

சங்கத்துக்கு அந்தப் பூட்டு இல்லை. ஆகவே எங்கள் கிளை இப்படி முடிவு செய்திருக்கிறது. வாட்டில் குறை கண்டால் ஆளையும் சீட்டையும் படம் எடுக்க வேண்டாம். திகதி, நேரம், வாட்டு இலக்கம் மூன்றையும் எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எத்தனை கட்டில், எத்தனை தாதியர் வெற்றிடம் என்று சங்கக் கடிதத்தில் தமிழிலேயே கேட்போம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். கையில் வரும் எண்ணிக்கையை எந்தக் குழுவில் வேண்டுமானாலும் போடுவோம். சம்மதக் கடிதம் தமிழில் வேண்டும், வாட்டில் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்ற கோரிக்கையும் அதே கடிதத்தில் போகிறது. அதுவரை இரவோ பகலோ என்னைக் கூப்பிடுங்கள். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ், காசில்லை.

அந்தப் பையன் படத்தை அழித்துவிட்டான். நூறு போன்களில் இருந்து அழிக்க அவனால் முடியாது. போன ஞாயிறு அவனைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். தாய் கதவைத் திறந்தார். அவன் "மன்னிச்சிருங்க அத்தை" என்றான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு பேருக்கும் தேநீர் வைத்தார். பிள்ளை உள்ளறையில் இருந்து வெளியே வரவில்லை.