பழைய வண்டிக்குப் புதிய கியர்

ஊருக்குப் போதல் என்றால், சாமராஜநகரில் வாழும் நம்மவர் பலருக்குத் திம்பம் மலையை இறங்குதல் என்றே பொருள். புணஜனூர்ச் சோதனைச் சாவடியைக் கடந்து, ஆசனூர்க் காட்டு வழியே திம்பம் சேர்ந்து, அங்கிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் பண்ணாரி அம்மனைக் கும்பிட்ட பின்னரே சத்தியமங்கலம் வந்துவிட்ட உணர்வு நமக்கு உண்டாகும். கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பரில் மைசூர் மாநிலத்தோடு சேரும் வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆதலின் இம்மலையின் இருபுறத்தும் உறவு கொண்ட குடும்பங்கள் இன்றும் பல. இங்குள்ள வீட்டில் ஒரு மோட்டார் வண்டி இருக்குமாயின், அது மலை ஏறுமா என்பதே முதற் கேள்வி.

இத்திங்கள் நாம் எழுத எடுத்துக்கொண்டதும் அத்தகைய ஒரு வண்டியைப் பற்றியே. நமக்கு நெடுநாள் பழக்கமான இல்லம் ஒன்று. அவ்வில்லத்து அம்மையார் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இளமையில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் அவருக்கு இடக்கால் வலுவிழந்தது. அதனை எண்ணியே அவர் கணவர், மாருதி ஜென் வண்டியில் ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட வகையைத் தேடி வாங்கினார். அவ்வண்டிக்குக் கிளட்ச் மிதி கிடையாது. வலக்கால் ஒன்றே போதும். கணவர் மறைந்த பின்னரும் அம்மையார் தாமே அதனை ஓட்டிக் கடைக்கும் மருத்துவமனைக்கும், ஆண்டுக்கு இருமுறை மலைக்குக் கீழுள்ள தம் பிறந்த வீட்டுக்கும் சென்று வந்தார்.

சென்ற ஆண்டு, ஊரிலிருந்து திரும்பி மலை ஏறும்போது வண்டி தடுமாறிற்று. எஞ்சின் இரைந்தது, சக்கரமோ அதற்கேற்ப உருளவில்லை. மாலை மங்கும் நேரம். 2022 பிப்ரவரி முதல் அப்பாதையில் நீதிமன்ற ஆணையின்படி இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு என்பதும், சுற்றிலும் புலிகள் காப்பகம் என்பதும் அன்பர்கள் அறிவர். ஊர்ந்து ஊர்ந்து எப்படியோ வீடு சேர்ந்தார்கள். பட்டறையில் காட்டியபோது, கியர் பெட்டியே தேய்ந்துவிட்டது என்றும், அதனைப் பிரித்துச் செப்பனிடும் செலவுக்கு வண்டியின் விலையே ஈடாகாது என்றும் கூறினர்.

மூத்த மகன் ஒரு யோசனை சொன்னார். காயலான் கடையில் அதே இன வண்டியின் சாதாரணக் கியர் பெட்டி மலிவாகக் கிடைக்கும். அதனை வாங்கிப் பொருத்திவிட்டால் வண்டி இன்னும் பத்தாண்டு ஓடும் என்பது அவர் எண்ணம். தம்பியும் ஒப்பினார். நம்மையும் கருத்துக் கேட்டார்கள்.

இவ்வெண்ணம் நம்மவர்க்குப் புதிதன்று. நம் தந்தையர் காலத்து அம்பாஸிடரை நினைவு கூர்வோம். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை ஏற்றியவர்கள் எத்தனை பேர்! ஸ்டியரிங் தண்டோடு இருந்த கியர்க் கோலைத் தரைக்கு இறக்கியவர்கள் எத்தனை பேர்! எதையும் மாற்றிப் பொருத்தலாம் என்னும் துணிவு அக்காலத்துப் பட்டறைகளில் பிறந்தது. ஆனால் அவ்வண்டிகளில் இருந்தவை வெறும் இரும்பும் கம்பியும். இன்றைய செய்தி வேறு.

ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைப்பது எண்ணெயே. எஞ்சின் சுழற்றும் விசிறி எண்ணெயைத் தள்ள, அந்த எண்ணெய் எதிரிலுள்ள மற்றொரு விசிறியைச் சுழற்றும். டார்க் கன்வர்ட்டர் என்பது இதுவே. சாதாரண வண்டியில் அவ்விடத்தில் கனத்த ஃபிளைவீலும் கிளட்ச் தட்டும் இருக்கும். ஆகவே கியர் பெட்டியை மட்டும் மாற்றினால் போதாது. ஃபிளைவீல், கிளட்ச் தட்டு, அதனை அழுத்தும் பிரஷர் பிளேட், மூன்றாவது மிதி, அதன் கேபிள், கியர்க் கோல், பெட்டியைத் தாங்கும் மவுண்டுகள் எல்லாம் வேண்டும். சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில்களும் பொருந்துமா என்று பார்த்தல் வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டி 'பார்க்' அல்லது 'நியூட்ரல்' நிலையில் இருந்தாலன்றி ஸ்டார்ட் ஆகாது. அந்த மின்சார வயரிங்கையும் மாற்றி அமைத்தல் வேண்டும். கணிப்பொறி கொண்ட எஞ்சினாயின் அதுவும் புதிய பெட்டியோடு ஒத்துப்போக வேண்டும். இத்தனையும் ஒரே இனத்து வண்டி ஒன்றிலிருந்து முழுமையாகக் கிடைத்தால் கைதேர்ந்தவர் செய்து முடிப்பர். ஒன்று குறைந்தாலும் வண்டி பட்டறையிலேயே தங்கிவிடும்.

நிற்க. சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்தல் வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரித்தவர் முதலில் குறித்தவற்றினின்று மாறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டப்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் வகைப் பெயர் ஆட்டோமேட்டிக் என்பதைக் காட்டுமாயின், உள்ளே கிளட்ச் மிதி இருப்பது நாளை கேள்வியாகும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டியைப் பதிவு புதுப்பிக்கக் கொண்டுசெல்லும்போதும், தமிழ்நாட்டு எண் கொண்ட வண்டியை இங்கே மறுபதிவு செய்யும்போதும் அதிகாரி பார்த்தே தீர்வார். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கேட்கும். எனவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் விடை பெறாமல் திருகாணி ஒன்றையும் கழற்றலாகாது என்று அப்பிள்ளைகளிடம் கூறினோம்.

இவற்றையெல்லாம் நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மையார் ஒன்றும் பேசாது அமர்ந்திருந்தார். எல்லாம் கேட்டு முடித்தபின் மகனை நோக்கி, "வண்டி பிழைத்துக்கொள்ளும் கண்ணு. அப்புறம் அதை ஓட்டப் போவது யார்?" என்றார்.

கூடம் அமைதியாயிற்று. இரு பிள்ளைகளும் தாயிடத்தில் அன்பு மிக்கவர்களே. வண்டியைக் காப்பாற்ற எண்ணியதும் அது தந்தையின் நினைவாக இருந்தமையால்தான். ஆனால் மூன்றாவது மிதி ஒன்று வந்தால் தாயின் இடக்கால் என்ன செய்யும் என்பதை அவர்கள் எண்ணவில்லை. நாமும் எண்ணவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். சட்டமும் இரும்பும் பேசிய நமக்கு அம்மையாரின் கால் நினைவுக்கு வரவில்லை. அவருக்கு அவ்வண்டி போக்குவரத்துக்கு மட்டும் உரியதன்று. பிறர் கையை எதிர்பாராமல், நினைத்தபோது தம் உடன்பிறந்தாரைக் காணச் செல்லும் உரிமையும் அதுவே.

இதில் வியப்பு ஒன்று உண்டு. உடற்குறையுடையவர் ஓட்டுவதற்கேற்ப வண்டியைத் தகவமைத்துக்கொள்ள 2019ஆம் ஆண்டுத் திருத்தம் நிபந்தனைகளோடு வழி விட்டிருக்கிறது. சட்டம் அவர் காலுக்காக வண்டியை மாற்றலாம் என்கிறது. நாமோ அவர் கால் பயன்படாதவாறு வண்டியை மாற்றப் பார்த்தோம்!

பிறகு நடந்ததைச் சுருங்கச் சொல்வோம். கியர் எண்ணெயைச் சோதித்தார்கள். நல்ல ஆட்டோமேட்டிக் எண்ணெய் சிவந்திருக்கும்; இவர்கள் வண்டியின் எண்ணெயோ கறுத்துத் தீய்ந்த நாற்றம் வீசிற்று. எண்ணெய் குறைந்ததாலேயே வண்டி வழுக்குவதும் உண்டு. அங்ஙனமாயின் சிறு செலவில் தீர்ந்திருக்கும். இங்கே காலம் கடந்துவிட்டது. வண்டியை விற்றுவிட்டு, ஏ.எம்.டி. என்னும் வகையில் பழைய வண்டி ஒன்று வாங்கினார்கள். 2014ஆம் ஆண்டு மாருதி செலேரியோவோடு நம் நாட்டுக்கு வந்த முறை இது. உள்ளே சாதாரணக் கியரும் கிளட்ச் தட்டுமே உள்ளன. அவற்றைக் கையும் காலும் இயக்குவதற்கு மாறாக இயந்திரமே இயக்குகிறது. பிள்ளைகள் கேட்ட கியர் பெட்டியும் கிடைத்தது; தாய்க்கு இடக்கால் வேலையும் இல்லாதாயிற்று.

மலைப்பாதை பற்றி ஒரு சொல். ஆட்டோமேட்டிக் வண்டி இறக்கத்துக்கு ஆகாது என்பர் சிலர். 'டி' நிலையிலேயே விட்டு, பிரேக்கை அழுத்தியபடியே 27 வளைவும் இறங்கினால் பிரேக் சூடேறித் தளரும் என்பது உண்மையே. அது ஓட்டுபவர் பிழை. '2', 'எல்' என்னும் தாழ்ந்த நிலைகள் இதற்காகவே வைக்கப்பட்டுள்ளன. ஏ.எம்.டி. வண்டியிலும் கியரைக் கையால் தாழ்த்திக்கொள்ளும் வசதி உண்டு. எவ்வகை வண்டியாயினும் ஏறும் கியரில் இறங்குக என்பது பழைய லாரி ஓட்டிகள் சொல்லும் பாடம்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகளும் இதனைக் கருதவேண்டும். சிங்கப்பூரில் 3ஏ வகை உரிமம் பெற்றவர் கிளட்ச் வண்டியை ஓட்டும் தகுதி பெறாதவர். அவரை நம்பிக் கிளட்ச் வண்டியில் மலை ஏறப் புறப்படுதல் அறிவுடைமை ஆகாது.

பழைய வண்டியை விட மனமில்லாத அன்பர்க்கு நாம் கூறுவது இதுவே. முதலில் எண்ணெயைப் பாருங்கள். அடுத்து ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். இவ்விரண்டுக்கும் முன்பாக, நாள்தோறும் அவ்வண்டியின் சாவியை எடுப்பவர் யார் என்று வீட்டுக்குள் திரும்பிப் பாருங்கள். அவரைக் கேட்காமல் எந்தக் கியரையும் மாற்றாதிருப்போமாக.

சென்ற பொங்கலுக்கு அம்மையார் தாமே ஓட்டிச் சென்று திரும்பினார். பண்ணாரிக் குங்குமம் நம் வீட்டுக்கும் வந்தது.