வீடு புகும் கணினி எம்மொழி பேசும்?

வானொலிப் பெட்டி எமது இல்லங்களுக்குள் புகுந்த காலத்தில் அஃது எம்மை யாதொன்றும் வினவியதில்லை. விசையைத் திருகினோம், அது பேசிற்று, நாம் கேட்டோம். பின்னர் வந்த தொலைக்காட்சியும் அவ்வாறே. இன்று கண்டி நகரிலும், கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளை முதலாய அயலூர்களிலும், மெல்ல மெல்லத் தோட்டப்புறங்களிலும் வந்து சேரும் கணினியோ அத்தகையதன்று. உறையினின்றும் எடுத்து மின்னிணைப்புக் கொடுத்த மாத்திரத்தே அது வினாத் தொடுக்கின்றது. நீவிர் எந்நாட்டவர்? எம்மொழியில் உரையாடுவீர்? எவ்வகை விசைப்பலகை வேண்டும்? உம் பெயர் யாது? இவ்வினாக்களுக்கு முதல் ஒரு மணி நேரத்துள் அளிக்கப்படும் விடைகளே, அவ்வியந்திரம் அவ்வீட்டில் யாருக்கு உரியதாய், யாருக்கு அந்நியமாய் இருக்கப்போகின்றது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன என்பது எமது துணிபு.

நடைமுறையில் நிகழ்வது யாது? பட்டணத்துக் கடையிலே பணத்தைச் செலுத்துகின்றோம். கடையிலுள்ள இளைஞர் ஒருவர் எம்மைக் கேளாமலே எல்லா வினாக்களுக்கும் தாமே விடையளித்து, இயந்திரத்தைப் பூரணப்படுத்தித் தருகின்றார். மொழி ஆங்கிலம், நாடு அமெரிக்கா, உரிமையாளர் பெயர் ‘பயனர்’. சில வேளைகளில் விலை கொடாது படியெடுத்த மென்பொருள்களும் உள்ளே ஏற்றப்பட்டிருக்கும். இவற்றுள் இறுதியிற் கூறியது சட்டத்துக்கு மாறானது என்பதோடு, வைரசு புகுதற்குத் திறந்துவைத்த வாயிலுமாகும். வீட்டுக்கு வந்தபின் பத்தாம் வகுப்பிற் பயிலும் பிள்ளை அதன் முன் அமர்கின்றது. தந்தையார் தள்ளி நிற்கின்றார். தமிழ் மட்டுமே வாசிக்கவல்ல தாயார் அடுக்களைக்குத் திரும்பிவிடுகின்றார். பல மாதச் சேமிப்பைக் கொட்டி வாங்கிய பொருள், வாங்கியவர்க்கு வாய்திறவாப் பொருளாய் மூலையிற் கிடக்கின்றது. இதனை நாம் ஏற்றுக்கொள்ள இயலாது. கடைக்காரரிடம், ‘பெட்டியைத் திறவாமல் அப்படியே தாரும்’ என்று கேட்டு வாங்கி வருதலே முறை.

மொழியைப் பற்றிப் பேசுமுன் மலைநாட்டு வீட்டுக்குரிய வேறொன்றைச் சொல்லவேண்டும். இடைப்பருவப் பெயர்ச்சிக் காலமாகிய பங்குனி, சித்திரையிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகலானதும் ஹந்தானை மலைப்பக்கம் இருண்டு இடிமுழங்குதல் கண்டியில் வாழ்வோர் யாவரும் அறிந்ததே. மின்னலுக்கு முதலிற் பலியாவன தொலைபேசிக் கம்பியோடு இணைந்த இணையக் கருவியும், அதனைத் தொடர்ந்து கணினியுமாகும். முழக்கம் கேட்டவுடன் நிறுத்துதல் போதாது. மின்செருகியையும் தொலைபேசிக் கம்பியையும் ஒருங்கே கழற்றிவிடல் வேண்டும். பழைய வீடுகள் பலவற்றிலும் லயன் அறைகளிலும் செருகித்துளையில் மூன்றாவது துளை உண்டு. ஆயின் அதற்குப் பின்னே நிலத்தொடுப்புக் கம்பி இல்லை. கணினியின் உலோக உறையைத் தொடும்போது விரல் சுரீரென்றால் அதுவே அறிகுறி. மின்னியலாளரை அழைத்து அதனைச் சீர்செய்த பின்னரே இயந்திரத்தை இயக்குதல் தகும். மேசைக் கணினியாயின் தடையிலா மின்வழங்கி ஒன்றும் வேண்டும். 2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு நிலவியதை எவர் மறப்பர்? அத்தகைய வெட்டை அச்சிறு பெட்டி தாங்காது. எனினும் செய்த வேலையைச் சேமித்து, முறைப்படி நிறுத்துதற்கு வேண்டிய சில நிமிடங்களை அது தரும். கணினியைச் சுவரோடு ஒட்டி வையாது காற்றோட்டம் விட்டு வைத்தலும் எமது ஈரலிப்பான காலநிலைக்கு அவசியம். வைக்குமிடம் படுக்கையறையாகாது, எல்லோரும் நடமாடும் மண்டபமே பொருத்தம்.

இனி மொழிக்கு வருவோம். நாடு எதுவென வினவும்போது இலங்கையைத் தெரிவுசெய்க. நேரவலயப் பட்டியலில் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் ஒரு வரியும், ஸ்ரீ ஜயவர்தனபுரத்துக்குத் தனியாக மற்றொரு வரியும் இருத்தல் கண்டு சிலர் வியப்பர். இரண்டும் ஐந்தரை மணிதானே என்பர். 1996ஆம் ஆண்டில் எமது நாடு கடிகாரத்தை முன்தள்ளி, அதே ஆண்டில் அரை மணி பின்தள்ளி, 2006ஆம் ஆண்டு சித்திரையிலேதான் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. அப்பத்தாண்டு அலைக்கழிவின் நினைவுச்சின்னம் போலும் அத்தனி வரி!

விசைப்பலகைத் தெரிவே யாவற்றினும் முக்கியமானது. தமிழுக்குத் தட்டச்சுப் பொறி சமைத்த பெருமை ஈழத்தவராகிய ஆர். முத்தையா அவர்களுக்கு உரியது. 1886ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து, 1907ஆம் ஆண்டில் மலாயாவுக்குச் சென்று, சிங்கப்பூரிலே தொழில் புரிந்தவர் அவர். முதலாம் உலகப் போரின் பின் தாம் வகுத்த விசையொழுங்கை ஜெர்மனியிற் பொறியாக வார்ப்பித்தார். தமிழின் 247 எழுத்துக்களைச் சில பத்து விசைகளுள் அடக்குதல் எளிய காரியமன்று. அவ்வழிவந்த பழக்கம் கணினிக் காலத்திலும் தொடர்ந்தது. இலங்கையில் நெடுங்காலம் வழங்கிய ‘பாமினி’ எழுத்துரு தட்டச்சுப் பழக்கமுடையோர்க்கு வசதியாக இருந்தது மெய்யே. ஆயின் அதில் ஒரு பெருங்குறை. பாமினியில் எழுதிய ‘அம்மா’ என்ற சொல் கணினியின் உள்ளே தமிழாக இல்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளின் நிரையாகவே கிடக்கின்றது. தமிழ் முகமூடியணிந்த ஆங்கிலம் என்க. எழுத்துரு இல்லாத மற்றொரு கணினியில் முகமூடி கழன்று விழும், தேடினாலும் அகப்படாது.

1991ஆம் ஆண்டு வெளியான யுனிக்கோட் நியமம் தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கியது. அதன் பின் தமிழெழுத்து எங்குச் சென்றாலும் தமிழெழுத்தேயாம். இலங்கையும் எஸ். எல். எஸ். 1326 என்னும் நியமத்தை 2008ஆம் ஆண்டில் வகுத்தது. இன்று விண்டோஸ் கணினியிலே தமிழ் 99, அஞ்சல் ஆகிய இருவகை ஒழுங்குகளும் விலையின்றியே அமைந்துள்ளன. மொழிப் பகுதியிற் சென்று தெரிவுசெய்தலே வேண்டுவது. 1999ஆம் ஆண்டு சென்னை மாநாட்டின் வழிவந்த தமிழ் 99 ஒழுங்கைப் பிள்ளைகள் கற்றல் நன்று. உயிர் ஒரு கைக்கும் மெய் மறு கைக்குமாய்ப் பகுக்கப்பட்டிருத்தலின் விரைவு கைகூடும். அஞ்சல் முறையோ தமிழை ஆங்கில ஒலி வழியே எண்ணப் பழக்குகின்றது. முதியோர்க்கு அது போதுமாயினும், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அதனை யாம் விதந்துரையோம்.

‘ஆங்கிலமின்றேல் தொழிலில்லை; கணினியையும் தமிழாக்கிப் பிள்ளையைக் கெடுக்க வேண்டுமா?’ என எமது பழைய மாணவர் சிலரே வினவுதல் கேட்டுள்ளோம். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. கொழும்பிலும் கடல் கடந்தும் உயர்ந்த பதவி வகிப்போர் ஆங்கிலத்தால் ஏறியவர்களே. ஆயின் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தலால் ஆங்கில விசைப்பலகை அகன்றுவிடுவதில்லை. இரு விசைகளை ஒருசேர அழுத்தின் ஒன்றினின்று மற்றொன்றுக்கு மாறலாம். கண்டியில் வாழும் வீட்டுக்குச் சிங்களத்தையும் மூன்றாவதாகச் சேர்த்துவைத்தல் பெரும்பயன் தரும். பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பமெழுத அது கைகொடுக்கும். திரையிற் காணும் கட்டளைச் சொற்கள் அனைத்தையும் தமிழாக்கியே ஆகவேண்டுமென்றும் நாம் பிடிவாதம் செய்யவில்லை. அம்மொழிபெயர்ப்புக்களுட் சில, மூலத்தைக் காட்டினாலன்றி விளங்கா. வேண்டுவது, வீட்டார் எழுதுவது தமிழில் எழுதப்படலும், கோப்புக்களின் பெயர் தமிழில் இடப்படலுமேயாம். ‘வீட்டுக் கணக்கு’ என்று பெயரிட்ட கோப்பைத் தாயார் தாமே திறப்பார்; ஆங்கிலத்தில் ‘நியூ டொக்குமென்ற் மூன்று’ என்றிருப்பின் திறவார். தமிழொலியை ஆங்கில எழுத்தில் எழுதும் கைப்பேசிப் பழக்கம் எம் இளைஞரிடையே எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதை ஆசிரியர்களைக் கேட்டால் அறியலாம். ‘ழ’கரமும் ‘ள’கரமும் அங்கே ஒன்றாகிவிட்டன.

தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனிக் கணக்குத் திறந்து, இயந்திரத்தை மாற்றியமைக்கும் அதிகாரத்தைப் பெற்றோர் கணக்கில் வைத்து, பிள்ளைக்குச் சாதாரணக் கணக்குக் கொடுத்தல் முறை. கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி அலுமாரியுட் பூட்டி வைப்பதைக் கண்டு நகைப்போர் நகைக்கட்டும். மறந்துவிட்டுக் கடைக்கு ஓடுவதினும் அது மேல்.

இவையெல்லாம் வாங்கவல்லார்க்கு. வாங்கமாட்டாதார் நிலை யாது? 2019ஆம் ஆண்டு அரசின் மதிப்பீட்டின்படி நாடு முழுவதிலும் ஏறக்குறைய ஐந்து வீடுகளுக்கு ஒன்றிலேதான் கணினி இருந்தது. தோட்டத்துறையில் அவ்விகிதம் இதனினும் மிகக் குறைவு. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024ஆம் ஆண்டில் 1350 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. ஓர் இலட்சம் ரூபாக் கணினி அவர்க்கு ஏறக்குறைய 74 நாள் உழைப்பு; அதுவும் உண்ணாது உடுத்தாது சேர்த்தால்! 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தோட்டத்துப் பிள்ளைகள் கைப்பேசிக்கு அலை தேடி மலையேறி நின்றமை பத்திரிகைகளில் வெளிவந்தது. இலங்கையின் முதற் பெருந் தேயிலைத் தோட்டம் 1867ஆம் ஆண்டில் எழுந்த லூல்கந்துரை எமக்குச் சேய்மையிலன்று. அம்மலைச்சரிவுகளின் பிள்ளைகளும் எமது வகுப்பறைகளிற் பயின்று வந்தோரே.

ஆதலின் வெளிநாட்டிலும் கொழும்பிலும் வாழும் பழைய மாணவர் தாம் கழித்துவிடும் கணினிகளை அனுப்ப முன்வரின் நன்று. ஒன்றை மாத்திரம் கவனிக்க. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியோடு பொதுவாக முடிவுற்றது; பழைய இயந்திரங்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. அவற்றைக் குப்பையெனத் தள்ள வேண்டியதில்லை. நான்கு கிகாபைட் நினைவகமிருப்பின் விலையில்லா லினக்ஸ் வகைகளுள் ஒன்றை நிறுவலாம். தமிழ் விசைப்பலகை அதிலும் உண்டு. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தின் பல்லாயிரம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் அக்கணினியிலே வாசிக்கலாம். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகம் எரியக் கண்ட தலைமுறையினர் இதன் அருமையை எமது விளக்கமின்றியே உணர்வர்.

இயந்திரத்தை அனுப்பினால் மட்டும் போதாது. அதனை இல்லத்திலே அமைத்துக் கொடுப்பார் வேண்டும். உயர்தர வகுப்பு மாணவர் இருவர் இருவராய், ஓர் ஆசிரியர் துணையோடு, சனிக்கிழமைகளிற் சென்று இப்பணியைச் செய்யலாம். நவராத்திரிக்கு முன் முதற் பத்து வீடுகளேனும் முடியுமாயின், அவ்வாண்டுச் சரஸ்வதி பூசையில் ஏட்டுக்கும் எழுதுகோலுக்கும் அருகே கணினிக்கும் சந்தனப் பொட்டிடலாம். கலஹா, ஹந்தானைப் பக்கங்களிற் தொடங்குதல் நலம். செல்வோர் தம்முடன் எடுத்துச் செல்ல வேண்டியவை சிலவே: நிலத்தொடுப்பைச் சோதிக்கும் சிறு கருவி, லினக்ஸ் ஏற்றிய நினைவுக்கோல், தமிழ் 99 விசையொழுங்கைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட தாள் இரண்டு, ஒன்று சுவரில் ஒட்டுதற்கு, மற்றையது தாயார் கையிற் கொடுப்பதற்கு.